அடிமைப் பெண்ணின் கதையை யார் சொல்வது?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி நாவல்கள் ஏராளமாய் வந்திருக்கின்றன. தளபதிகளின் வீரமும், தென்னாட்டுப் பண்ணை மாளிகைகளின் சிறப்பும், எஜமானிகளின் கண்ணீரும் அவற்றில் வேண்டியமட்டும் உண்டு. ஆனால் அம்மாளிகைகளில் சமைத்துத் துவைத்து, எஜமானியின் பிள்ளைக்குத் தன் பாலையும் கொடுத்து வளர்த்த கறுப்புப் பெண்ணுக்கு அவற்றில் என்ன இடம் என்று கேட்கிறோம்.

1936-ல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசும் பெற்ற "கான் வித் த விண்ட்" நாவலில் வரும் கறுப்புத் தாதிக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. தாதியைக் கூப்பிடும் சொல்லே அவளுக்குப் பெயர். விடுதலை வந்த பின்பும் எஜமானி குடும்பத்தை விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லையாம்! சினிமாவில் அவ்வேஷம் போட்ட ஹேட்டி மெக்டேனியலுக்கு 1940-ல் ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். அதே விருந்தில் அவரைத் தனி மேஜையில் உட்கார வைத்தார்கள். இதுதான் அந்தப் பாராட்டின் யோக்கியதை.

உண்மை யாதெனில், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அங்கு சட்டம். எஜமானனுக்கே பிறந்தாலும் அவன் சொத்துக் கணக்கில்தான் அப்பிள்ளை சேரும். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதும் ஜார்ஜியாவில் குற்றம். அங்கே ஒளிந்து படித்த சூசி கிங் டெய்லர், யுத்தத்தில் கறுப்புப் பட்டாளத்தாருக்கு எழுத்துக் கற்பித்து, காயம்பட்டோரைக் கூலியின்றிக் கவனித்தார். ஹாரியட் டப்மன் 1863-ல் கம்பாகி ஆற்றங்கரைக்குப் படையோடு சென்று, 700-க்கு மேற்பட்டவர்களை மீட்டுவந்தார். எஜமானியைப் பிரிய மனமில்லாதவர்களா இவர்கள்?

நிற்க, டெய்லர் 1902-ல் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். எழுத்து மறுக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் எதை எழுதி வைத்திருக்க முடியும்? எழுதவிடாமல் தடுத்துவிட்டு, "ஆதாரம் எங்கே?" என்று கேட்பது பெரும் புரட்டல்லவா?

அங்கேதான் நாவலுக்கு வேலை இருக்கிறது. மார்கரெட் வாக்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி, தம் பாட்டி சொல்லக் கேட்ட கொள்ளுப்பாட்டியின் வாழ்வை ஆதாரமாக வைத்து, ஏறக்குறைய 30 ஆண்டு உழைத்து, 1966-ல் "ஜூபிலி" என்னும் நாவலை வெளியிட்டார். அதன் கதாநாயகி எஜமானனுக்குப் பிறந்தும் அடிமையாய் வளர்ந்தவள். அவளுக்குப் பெயர் உண்டு, கோபம் உண்டு, விடுதலை வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

இரண்டும் கற்பனைதானே என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு கற்பனை கொடுமையை மூடுகிறது. மற்றொன்று அதைத் திறந்து காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள், எஜமானன் தராசையே பிடித்திருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.