துரு போகட்டும், இரும்பு நிற்கட்டும்

மைசூரு என்றதும் அரண்மனையும் தசரா ஊர்வலமும் நினைவுக்கு வருவது இயல்பே ஆயினும், செக்கோஸ்லோவேகியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1961-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் யாதவகிரியில் மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்து, 1996-இல் கதவடைத்த ஐடியல் ஜாவா தொழிற்சாலைக்கும் அந்நகரின் கீர்த்தியில் பங்குண்டு. அங்கிருந்து புறப்பட்ட ஜாவா, யெஸ்டி வண்டிகள் பல இன்று கொட்டகைகளில் துருவேறி நிற்கின்றன. 2018-இல் ஜாவா என்னும் பெயர் மீண்டும் சந்தைக்கு வந்ததே என்று ஆறுதல் கொள்ள இயலாது; புதியவை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவையாதலின், அவற்றின் உறுப்புகள் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பொருந்தா. யாதவகிரியில் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்பு சிலிண்டர் பேரல் ஒன்று அழிந்தால், அந்த ஆலையிலிருந்து மற்றொன்று வரப்போவதில்லை.

அத்தகைய பொருளைத் துருவைவிட விரைவாக நாசமாக்குவது மனிதனின் அவசரமே என்பது என் திடமான அபிப்பிராயம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கியெடுத்தால் சில நிமிஷங்களில் துரு கரைவது உண்மைதான்; ஆனால் அமிலம் துருவோடு நில்லாமல் நல்ல இரும்பையும் அரிக்கிறது; நுண்துளைகளில் தங்கிவிட்ட குளோரைடோ சின்னாட்களில் புதுத் துருவை வரவழைக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கே என்பதை மறந்து, உட்சுவரை உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்ப்பவரும் அதே பிழையைத்தான் செய்கிறார்.

துருவை மட்டும் நீக்கி இரும்பை விட்டுவைக்கும் உபாயங்கள் உண்டு. வாஷிங் சோடா கரைத்த நீரில் உறுப்பை மூழ்கவைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகடு ஒன்றோடும் இணைத்து மின்சாரம் செலுத்தினால், துரு கறுத்துத் தளர்ந்து, பிரஷ்ஷால் தேய்த்த மாத்திரத்தில் உதிர்கிறது. அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிப்படுமாதலின், அதைக் காற்றோட்டமான இடத்திலேயே செய்ய வேண்டும். விஷமுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகுமாதலின், எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. பொறுமையுடையோர் கரும்பாலையின் மொலாசஸை ஒன்பது பங்கு நீரில் கலந்து, உறுப்பை அதில் இரண்டு மூன்று வாரம் ஊறவைக்கலாம். 1933 முதல் சர்க்கரை ஆலை கண்ட மண்டியாவுக்கு அண்மையிலிருக்கும் மைசூருவுக்கு அது அந்நியப் பொருளன்று. இவ்விரு முறைகளும் அலுமினியத்தை அரிக்குமாதலால், எஞ்சினின் அலுமினியப் பாகங்களை முன்கூட்டியே கழற்றிவிடுவது அவசியம். எவ்வழியில் நீக்கினாலும், வெறுமையான இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்குமாதலால், கழுவி, நன்கு உலர்த்தி, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும்.

துரு தின்ற உலோகத்தை எந்த ரசாயனமும் திருப்பித் தராது. குழி ஆழமாக விழுந்திருந்தால், லேத் பட்டறையில் போர் செய்து பெரிய அளவு பிஸ்டன் இடுவதே வழி. ஆனால் ஒரு பேரலைச் சில முறைகளே அவ்வாறு கடைய இயலும் என்பதால், அவசரத்தால் இழக்கும் ஒவ்வொரு இழை இரும்பும் அதன் ஆயுளிலிருந்து கழிகிறது.

பழைய வண்டிக்கு இத்தனை சிரத்தை எதற்கு, காயலான் கடையில் எடைக்குப் போட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. இப்பணியைக் கற்கும் மாணவன் மின்வேதியியலையும் உலோகவியலையும் அளவைக் கலையையும் ஒரே பொருளில் கைப்பட அறிகிறான் என்பதே அவர்களுக்கு என் விடை. 1946 முதல் பொறியியல் கற்பித்துவரும் தேசியப் பொறியியல் நிறுவனம் உள்ள நகரம் மைசூரு. அந்நகரின் கல்லூரிகளும் ஐ.டி.ஐ.க்களும், தங்கள் ஊரில் பிறந்த எஞ்சின்களைத் துருநீக்கி ஓடச்செய்வதைப் பட்டறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். இப்பணியில் பழுத்த மெக்கானிக்குகளை ஆசான்களாக அழைத்து, உரிய சம்பளமும் தர வேண்டும். அவர்களுடைய அனுபவம் இளையோருக்குக் கைமாறாவிட்டால், நாளை எஞ்சின்கள் மிஞ்சினாலும் அவற்றை அறிந்த கைகள் மிஞ்சமாட்டா.