பெட்டிக்குள் கிடந்த திமிங்கலம்

1983-இல் 'சயின்ஸ்' ஆய்விதழின் அட்டையில், நீருக்குள் பாய்ந்து மீனைத் துரத்தும் விலங்கொன்றின் ஓவியம் வெளியானது. பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸ். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆதித் திமிங்கலம். தொல்லுயிரியலாளர் பிலிப் ஜின்ஜரிச் குழுவினரின் கையில் அன்று இருந்தவை மண்டையோட்டின் ஒரு பகுதி, தாடைத் துண்டு, சில பற்கள், அவ்வளவுதான். நீந்துவதற்கேற்ற உடம்பெல்லாம் ஊகம். 2001-இல் மற்ற எலும்புகளும் வெளிவந்தபோது, மெலிந்து நீண்ட கால்களோடு ஓநாய் அளவில் ஒரு தரைவிலங்கு எழுந்து நின்றது.

இதைக் காட்டி, பரிணாமமே கட்டுக்கதை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதிலேதான் அதன் பலம் தெரிகிறது. அட்டைப்படத்தைப் பொய்யாக்கியவை அதே விலங்கின் இன்னும் சில எலும்புகள். கெடாமல் காக்கப்படும் புதைபடிவம், முன்பு அதைப் பற்றிச் சொன்னதையே திருத்தி எழுத வைக்கும்.

டார்வினிடம் இந்த எலும்புகள் எதுவும் இல்லை. வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கருங்கரடியைச் சொல்லி, அப்படிப்பட்ட ஒன்று காலப்போக்கில் திமிங்கலம்போல ஆகக்கூடும் என்று 1859-இல் எழுதிப் பார்த்தார். கேலி கிளம்பியது; அடுத்த பதிப்பிலேயே அந்த இடத்தைச் சுருக்கிவிட்டார். கரடி தவறுதான். ஆனால் தரையிலிருந்து கடலுக்கு என்று அவர் காட்டிய திசை தவறவில்லை.

அப்படியானால் எந்தத் தரைவிலங்கு? 1966-இல் உயிரியலாளர் லீ வான் வேலன், பற்களின் ஒற்றுமையை வைத்து, அழிந்துபோன மீசோனிக்ஸ் வகை ஊன்தின்னிகளைச் சுட்டினார். தொல்லுயிரியலாளர்கள் பலரும் அதை ஏற்றார்கள். ஆய்வகத்திலிருந்து வந்த சாட்சியமோ வேறு. ரத்தச் சீரத்தை ஒப்பிட்டவர்கள் 1950-லேயே, திமிங்கலம் ஆடு மாடு அடங்கிய இரட்டைக் குளம்பினத்துக்கு நெருக்கம் என்றிருந்தார்கள். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை இன்னும் இறுக்கினார்கள். மரபணுத் தொகுதியில், தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் துணுக்குகள் உண்டு. இரண்டு உயிரினங்களில் ஒரே துணுக்கு ஒரே இடத்தில் தற்செயலாக வந்து உட்காருவது மிக அரிது. திமிங்கலத்துக்கும் நீர்யானைக்கும் அப்படிப் பொதுவான செருகல்கள் இருந்தன.

பல் ஒரு பக்கம் இழுத்தது, டிஎன்ஏ இன்னொரு பக்கம் இழுத்தது. வழக்கைத் தீர்த்தது கணுக்கால் எலும்பு. ஆட்டின் பின்னங்கால் கணுவில் உள்ள சிறு எலும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் முனையும் கீழ் முனையும் கிணற்றுக் கப்பிபோல நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். இந்த இரட்டைக் கப்பி அமைப்பு இரட்டைக் குளம்பினத்துக்கே உரியது. 2001 செப்டம்பரில், பலூசிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கலங்களின் கணுக்காலை ஜின்ஜரிச் 'சயின்ஸ்' இதழிலும், பாக்கிசீட்டஸின் கணுக்காலை இன்னொரு தொல்லுயிரியலாளரான ஹான்ஸ் தெவிசன் 'நேச்சர்' இதழிலும் வெளியிட்டார்கள். இரண்டிலும் இரட்டைக் கப்பி! மீசோனிக்ஸ் பக்கம் நின்றிருந்த ஜின்ஜரிச், தான் தோண்டியெடுத்த எலும்புக்குக் கட்டுப்பட்டுக் கட்சி மாறினார்.

இதற்கடுத்த கட்டம் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்துக் கலாகோட்டில் தொடங்குகிறது. அங்கே கிடைத்த பற்களையும் தாடையையும் வைத்து, இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் 1971-இல் ஒரு விலங்குக்கு இண்டோஹியஸ் என்று பெயர் சூட்டினார். அவர் சேகரித்த பாறைகளில் பல உடைத்துப் பார்க்கப்படாமலே கிடந்தன. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி அவற்றைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது கை தவறிக் காதெலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் உட்பக்கச் சுவர் தடித்திருந்தது தெரிந்தது. திமிங்கலக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது என்று அதுவரை நம்பப்பட்ட அடையாளம் அது. பாக்கிசீட்டஸைத் திமிங்கலம் என்று சொல்ல வைத்ததும் காதுதான். இண்டோஹியஸின் கால் எலும்புகளும் நீர்யானையினுடையதைப் போலக் கனத்திருந்தன, நீரடியில் கால் ஊன்றி நடக்க வசதியாக. 2007 டிசம்பரில் ஆய்வு வெளிவந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சருகுமான் உண்டல்லவா? அதன் ஆப்பிரிக்க உறவினம் ஆபத்து வந்தால் ஓடைக்குள் மூழ்கிக்கொள்ளும். 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இண்டோஹியஸும் அப்படித்தான் பிழைத்திருக்கும் என்கிறார் தெவிசன்.

இதற்கு நேரெதிரான கதை அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் நடந்தது. 1987-இல் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊன்தின்னி என வகைப்படுத்தப்பட்டு, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. அளவு சரியென்றால், பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கி மண்ணாகிவிட்டன. கல்மரத்தை எலும்பென்று எண்ணிவிட்டார்களோ என்ற சந்தேகம்கூடக் கிளம்பியது. 2022-இல் பழைய புகைப்படங்கள் அச்சேறின. ஆனால் எலும்பா கல்மரமா என்று பார்க்க, படத்தை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைக்க முடியாதே.

2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தேவையான எதிர்ப்பு. அதில் பாதி அக்கறையாவது புதைபடிவக் கிடங்குகள்மீதும் திரும்ப வேண்டும். ரங்கா ராவின் பாறைகளைத் திறக்க அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள தெவிசனின் ஆய்வகம் வேண்டியிருந்தது. கடல் வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் நிறைந்த அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையோ சிமென்ட் ஆலைக்கும் போகிறது. வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். கண்ணாடிப் பேழையில் வைக்கும் அழகான நத்தைக்கூடுகளோடு நின்றுவிடாமல், களத்திலேயே பிளாஸ்டர் உறையிட்டு எலும்பைத் தூக்கவும், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பாறையைச் சுரண்டவும் தெரிந்த நிரந்தரப் பணியாளர்கள் அங்கே தேவை. ஈரம் புகாத கிடங்கும், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடிய பட்டியலும் வேண்டும்.