பெடல் கல்லா, பஞ்சா?

சிப்பாங் பந்தயத்தடத்தின் 15ஆவது வளைவில் என் மச்சானின் கார் திரும்பவில்லை. நேராகப் போய்ச் சரளைக்கல்லில் புதைந்து நின்றது. நான் மேடையில் ஐஸ் மைலோவோடு உட்கார்ந்து, அடுத்தது அவன்தான் வருகிறான் என்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்தக் காணொளி இன்னும் என்னிடம் இருக்கிறது. அத்தைக்குக் காட்டவில்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. இழுவை வண்டி வந்து வெளியே எடுத்தபோது சக்கரத்துக்குள் இருந்து கல் கொட்டியது, அவ்வளவுதான். ஆனால் பிட்டில் இறங்கி நின்றவனின் முகத்தில் இரத்தமே இல்லை. "நாலு சுற்று நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். அஞ்சாவதுல மிதிச்சேன், பெடல் தரைக்குப் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னான்.

கார், பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரம், பின்னால் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்ற சின்னம். 1990களின் இறுதியில் அது வந்தபோது நம் பையன்கள் எப்படி வாய் பிளந்தார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மச்சான் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மூன்று வருடம் ஓவர்டைம் பார்த்து, கடன் வாங்காமல் வாங்கிய கார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் சிப்பாங்குக்குப் போனதற்குக் காரணமே மாமாதான். இரவில் நண்பர்களோடு சாலையில் 'இழுக்கப்' போகிறான் என்று தெரிந்த நாளில் மாமா கத்தவில்லை. "வேகமா ஓட்டணும்னா எதிர்ல லோரி வராத இடத்துல போய் ஓட்டு. உன்னால அடுத்தவன் வீட்டுல விளக்கு அணையக்கூடாது" என்றார். அத்தை இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியதும், என்ன சொல்வது என்று காரிலேயே நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கதை எதுவும் தேவைப்படவில்லை. சக்கரத்தில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்துவிட்டு மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெடல் கல்லா இருந்துச்சா, பஞ்சா இருந்துச்சா?"

மாமா 1980களில் கோலப்பிலா பக்கத் தோட்டங்களிலிருந்து ரப்பர் கட்டுகளைச் சிரம்பானுக்கு ஏற்றிக்கொண்டு வந்த லோரி ஓட்டுநர். பழைய புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் போனவர்களுக்கு அதன் பாம்பு வளைவுகள் தெரியும். மேலே பாலம் போட்டுப் புதுச் சாலை வருவதற்கு முன்பு, பாரம் ஏற்றிய லோரியை அந்த இறக்கத்தில் கொண்டுவருவதற்குத் தனித் தைரியம் வேண்டும். பிரேக் எப்படியெல்லாம் கைவிடும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத்தான் பந்தய மெக்கானிக்கும் முதலில் கேட்பார்.

பெடல் கல்லைப் போல இறுக்கமாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால், சூடு தாங்காமல் கையை விரித்தது பிரேக் பேட். சாதாரணச் சாலைப் பேட்கள் முந்நூறு, நானூறு டிகிரியைத் தாண்டினால் டிஸ்க்கைப் பிடிக்கும் திறனை இழக்கத் தொடங்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரைக்குப் போகிறது என்றால், கொதித்தது பிரேக் எண்ணெய். திரவத்தை அழுத்தினால் அது அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். கொதித்து உள்ளே ஆவிக்குமிழி வந்துவிட்டால், நம் காலின் பலம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். முதலாவது பெரும்பாலும் கொஞ்சம் முன்னெச்சரிக்கை கொடுக்கும். இரண்டாவது கொடுக்காது.

"பஞ்சு" என்றான் மச்சான்.

மாமா பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கோப்பி-ஓ மாதிரி கறுத்திருந்தது. காரை வாங்கிய நாளிலிருந்து மச்சான் இருக்கையை மாற்றினான், ஸ்டீயரிங்கை மாற்றினான், புகைக்குழாயை மாற்றினான். அக்கம்பக்கத்தில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. பிரேக் எண்ணெயை மட்டும் மாற்றவில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நம் நாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 தர எண்ணெய், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. அதே எண்ணெயில் 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. இரண்டு மூன்று வருடம் மாற்றாத எண்ணெயோடு கடைத்தெரு வரை குடும்பத்தோடு போய் வரலாம். சிப்பாங்கில் அது நடக்காது.

ஏன் நடக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 70க்கு வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெப்பமாக மாறும் ஆற்றல் ஏறக்குறைய 12 இலட்சம் ஜூல். வீட்டுக் குழாய்த் தண்ணீர் நான்கு லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். நம் சமையலறை அடுப்புக்குக் கால் மணி நேரம் ஆகும் அந்த வேலையை நாலு டிஸ்க்குகள் நாலு வினாடியில் வாங்கிக்கொள்கின்றன. அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டுக்குத்தான்.

சிப்பாங்கின் அமைப்பு இதற்கு இன்னும் மோசம். ஹெர்மன் தில்கே வரைந்த 5.543 கிலோமீட்டர் தடம், 15 வளைவுகள். பின்பக்க நேர்ச்சாலையின் முடிவில் 15ஆவது வளைவு, ஊசிமுனை. அது முடிந்தவுடன் முன்பக்க நேர்ச்சாலை, அதன் முடிவில் முதலாவது வளைவு. அதாவது ஒரு சுற்றின் இரண்டு பெரிய பிரேக் அழுத்தங்களும் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் டிஸ்க் மூச்சுவிடக் கிடைப்பது ஒரே ஒரு நேர்ச்சாலைதான். அதன் பிறகும் நாலாவது, ஒன்பதாவது வளைவுகள் காத்திருக்கின்றன. சத்ரியா போன்ற காருக்கு ஒரு சுற்று ஏறக்குறைய மூன்று நிமிடம். ஐந்து சுற்றில் என்ன ஆகும் என்பதைத்தான் மேடையிலிருந்து நான் பார்த்தேன்.

1999 அக்டோபர் 17 அன்று முதல் எஃப்1 பந்தயம் அங்கே நடந்தபோது நான் பள்ளிப் பையன். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் அங்கே 11ஆவதாக வந்தபோது, கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் நம் ஊர்ப் பக்கத்தில் எஃப்1 ஓட்டுகிறான் என்று எங்கள் வீட்டில் பந்தயமே பார்க்காதவர்கள்கூடத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் என்று தமிழர்களுக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. 2017இல் எஃப்1 நம்மை விட்டுப் போய்விட்டது. தடம் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை. லாபுவிலிருந்தும் நீலாயிலிருந்தும் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் கட்டணம் கட்டி நம் சொந்தக் காரை ஓட்டலாம் என்பது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியாது.

சரி, மறுபடியும் போவதற்கு முன் என்ன செய்தோம்? பட்டியல் போட்டது மாமா. விலை விசாரித்தது நான். பணம் கட்டியது மச்சான்.

முதலில் எண்ணெய். உலர்நிலையில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தயத் தர எண்ணெய், அரை லிட்டர் டின், நூறு வெள்ளிக்கு உள்ளேயே கிடைத்தது. இரண்டு டின் வாங்கினோம். பழையதை வெளியேற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் புதியதை நிரப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தை. "மிதி… பிடி… விடாதே!" என்று கீழேயிருந்து மாமா கத்த, "நாப்பது வருஷமா இதத்தான் சொல்றீங்க" என்று மேலேயிருந்து அத்தை பதில் சொல்ல, நாலு சக்கரமும் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதும் ஆனது. அதன் பிறகு அந்தக் காரைப் பற்றி அத்தை பேசும்போது குரலில் ஏதோ ஓர் உரிமை வந்துவிட்டதாக எனக்குப் படுகிறது.

அடுத்தது பேட். மச்சான் முழுப் பந்தயப் பேட் வாங்கத் துடித்தான். நான் வேண்டாம் என்றேன். அவை சூடேறினால்தான் பிடிக்கும். திங்கட்கிழமை விடிகாலை, மழையில், குளிர்ந்த பிரேக்கோடு சிரம்பான் டோலில் வரிசை நிற்கும்போது அவை பிடிக்காது. வேலைக்கும் தடத்துக்கும் ஒரே கார் என்றால் நடுத்தரப் பேட்தான் சரி. தடிமன் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால் அதோடு தடத்துக்குப் போகவே கூடாது. மெலிந்த பேட் வெப்பத்தை நேராக எண்ணெய்க்குக் கடத்திவிடும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. சூட்டில் விரிசல் அந்தத் துளைகளிலிருந்துதான் தொடங்கும். சாதாரண டிஸ்க்கே போதும். பெரிய கேலிப்பர், சிவப்புச் சாயம் எல்லாம் அடுத்த வருட போனஸுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மூன்று அங்குலக் குழாய் ஒன்றை மாமாவும் மச்சானும் வீட்டிலேயே பொருத்தினார்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

குளிரூட்டும் பக்கம் வந்தபோதுதான் சண்டை. நம் பையன்கள் பானெட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிடுவார்களே, சூடு வெளியே போகட்டும் என்று, மச்சானும் வைத்திருந்தான். கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதி அழுத்தம் கூடும். வேகமாக ஓடும்போது அங்கே சூடு வெளியேறுவதைவிடக் காற்று உள்ளே புகத்தான் வாய்ப்பு. ரேடியேட்டர் வழியாகக் காற்று இழுக்கப்படுவதும் அதனால் குறையும். கழற்றச் சொல்லி ஒரு வாரம் வாதாடினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே வகை வைத்தியம்தான்.

உண்மையான வைத்தியம் எளிது. ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: செம்மண், ஈசல் இறக்கை, ஒரு முழு வண்ணத்துப்பூச்சி. தோட்டத்துச் சாலையில் ஓடும் காருக்கு இது சகஜம். பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவினோம். பிறகு ரேடியேட்டர் மூடி. 0.9 என்று எழுதிய மூடி நல்ல நிலையில் இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடி அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. ஒரு நாசி லெமாக் குடும்பச் செலவில் புது மூடி வாங்கிவிடலாம். சூடான இயந்திரத்தில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்களின் வெப்பமுள் இயந்திரம் கொதிக்கப் போகும் வரை நடுவிலேயே நின்று நம்மை ஏமாற்றும். அதனால் தனி அளவி ஒன்றும் மாட்டினோம்.

காப்புறுதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வழக்கமான மோட்டார் காப்புறுதி, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பேற்காது. சரளையில் உருண்டிருந்தால் மச்சானின் மூன்று வருட ஓவர்டைமும் அங்கேயே போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவின் அனுபவமும் தடமும் ஒத்துப்போகவில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து, இயந்திரத்தாலேயே லோரியைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். தடத்தில் அப்படிச் செய்தால் இயந்திரமும் கியரும்தான் பாழாகும். நேராக இருக்கும்போதே அழுத்தமாக, குறுகிய நேரம் மிதித்து விட்டுவிட வேண்டும். இருவரும் இரவு பத்து மணி வரை விவாதித்தார்கள். காலை வைத்துத் தடவிக்கொண்டே போவதுதான் பிரேக்கைக் கொல்லும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனோம், இந்த முறை மாமாவும் வந்தார். மச்சான் முதல் சுற்றுகளை மெதுவாக ஓட்டிப் புதுப் பேட்டைப் பழக்கினான். பிறகு மூன்று சுற்று வேகமாக. 15ஆவது வளைவு வந்தபோது மாமா என் தோளைப் பிடித்தார். கார் திரும்பியது. அடுத்த சுற்றில், யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், காற்று வாங்கவிட்டு உள்ளே வந்தான்.

பிட்டில் நின்றதும் பழக்கத்தில் அவன் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. "டேய், இழுக்காதே! பேட் சூட்டுல ஒட்டிக்கும்" என்று மாமா ஓடினார். கையில் ஒரு ரப்பர் மரக்கட்டை, ஆப்பு வடிவில், ஓரமெல்லாம் தேய்ந்து கறுத்தது. அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, காலால் ஓர் உதை விட்டார்.

"இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"லோரியைத்தானே திருப்பிக் கொடுத்தேன்" என்றார்.