இங்கிலீஷ் காது பிறவியில் வருவதா?

இங்கிலீஷ் என்றால் நம்மவர்களில் படித்தவர்களுக்கும்கூட ஒரு நடுக்கம் இருந்து வருகிறது. படிக்கச் சொன்னால் படிப்பார்கள். எழுதச் சொன்னால் சரியோ தப்போ நாலு வரி எழுதுவார்கள். ஆனால் எதிரில் ஒருவர் இங்கிலீஷில் பேச ஆரம்பித்து விட்டாலோ, அவர் என்ன சொல்லுகிறார் என்று தெரியாமல், "எஸ் சார், எஸ் சார்" என்று தலையாட்டி விட்டுத் திரும்பி விடுவார்கள். பிறகு வீட்டிற்கு வந்து, "அதெல்லாம் பிறவியில் வரவேண்டும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்பார்கள். மற்றக் காரியங்களில் தலையெழுத்தை நம்பாத தோழர்கள்கூட இந்த ஒரு காரியத்தில் மாத்திரம் அதை நம்புவதைப் பார்த்துத்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

கிராமத்து வாலிபர் ஒருவர் நம்மிடம் சொன்ன சங்கதி இது. அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். இஞ்ஜினீயர் பரீட்சையில் நல்ல மார்க்கு. உத்தியோகத்திற்காக ஒரு கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தவுடன் எதிரில் இருந்தவர், "இங்கே வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். கேள்வி காகிதத்தில் இருந்திருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பதில் எழுதியிருக்கும். ஆனால் அது "ஹவ்லாங்டிடிட்டேக்யூட்டகெட்டியர்" என்று ஒரே வார்த்தையாய் வந்து விழுந்தது. வாலிபர் காதில் "ஹவ் லாங்" என்பது மாத்திரம் நின்றது. படிப்பைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி "ஃபோர் இயர்ஸ் சார்" என்றார். அங்கிருந்த மூவரும் சிரித்து விட்டார்களாம். உத்தியோகமும் போயிற்று.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் பெரிய தப்பொன்றும் நமக்குத் தோன்றவில்லை. அந்தக் குடும்பம் அந்த நாற்காலிக்கு எதிரில் வந்து சேர நான்கு வருஷமல்ல, மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. சிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. "பையனுக்குக் காது பழகவில்லை" என்று அவர்கள் நினைக்கவில்லை. "பையனுக்குப் புத்தி போதாது" என்று நினைத்தார்கள். அதைவிடக் கேவலம், பையனும் அப்படியே நினைத்துக் கொண்டு வந்ததுதான்.

இந்தப் "பிறவிப் புத்தி"யின் யோக்கியதை என்ன? வக்கீல் வீட்டுப் பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே தகப்பனார் டெலிபோனில் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்கிறது. தாத்தா இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிப்பதைக் கேட்கிறது. பள்ளிக்கூடம் போகுமுன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் அதன் காதில் அந்தச் சத்தம் விழுந்து விடுகிறது. அதே வீட்டில் நம் குப்பன் மகனைப் பிறந்த நாள் முதல் வளர்த்தால் அவனுக்கும் அதே காதுதான் அமையும். உத்தியோகமும் சர்வகலாசாலையும் ஒரு சிலர் கையிலேயே சிக்கிக் கிடந்ததை எடுத்துக்காட்டி 1916-இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்ததே, அந்தச் சிலர் வீட்டுக் குழந்தைகளின் காது வளர்ந்ததும் அந்த உத்தியோகங்களின் நிழலில்தான். ரத்தத்தில் வந்ததல்ல. பெர்னார்ட் ஷா எழுதி 1914-இல் லண்டனில் நடிக்கப்பட்ட "பிக்மேலியன்" நாடகத்தின் கதையே இதுதான்: தெருவில் பூ விற்கும் பெண்ணின் உச்சரிப்பை ஒரு புரொபசர் சில மாதம் பழக்கி மாற்றி விட, பெரிய மனிதர்கள் அவளைச் சீமாட்டியென்றே நம்பி விடுகிறார்கள்.

காது ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. நம் தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அதனதன் பங்கு கிடைத்து விடுகிறது. இங்கிலீஷ்காரன் அப்படிப் பங்கு வைப்பதில்லை. முக்கியமான இடத்தை அழுத்தி மற்றவற்றை விழுங்கி விடுகிறான். "அண்ட்" என்பது வெறும் "ன்" ஆகிறது. "கேன்" என்பது "கன்" ஆகித் தேய்கிறது. முடியாது என்னும் "கான்ட்" அழுத்தம் பெறுகிறது. நாமோ கடைசி "ட்" வருகிறதா என்று காத்திருந்து, "முடியாது" என்றவனை "முடியும்" என்றதாக எடுத்துக்கொண்டு வருகிறோம். பதினைந்துக்கு அழுத்தம் கடைசியில், ஐம்பதுக்கு முதலில். இது தெரியாமல் கூலியிலும் விலையிலும் ஏமாந்தவர்கள் உண்டு.

நாம் மாத்திரம் விழுங்குவதில்லையா என்ன? "என்ன செய்து கொண்டிருக்கிறாய்?" என்று புஸ்தகத்தில் தமிழ் படித்த வெள்ளைக்காரனைக் கோயம்பேடு மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டால், "என்னா பண்ணினுகீற?" என்பதைக் கேட்டு விழிப்பான். அதற்காக அவனை மடையன் என்று யாராவது சொல்லுவோமா?

நம் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷைக் கண்ணால் படிக்கிறோம், கையால் எழுதுகிறோம், நெட்டுருப் போடுகிறோம். காதுக்கு வேலையே கொடுப்பதில்லை. இதற்கும் அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. கலியாண வீட்டில் புரோகிதர் என்ன சொல்லுகிறார் என்று தெரியாமல் மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டியது போதும் என்றுதான் சுயமரியாதைத் திருமணம் ஏற்பட்டது. இன்று ஹைக்கோர்ட்டில் தன் நிலத்துக்காக வழக்காடுகிற குடியானவன், அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி அங்கே இங்கிலீஷில் நடக்கும் வாதத்தைக் கேட்டு அதே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறான். கோர்ட்டு தமிழில் பேசவேண்டும் என்பது நமது கட்சி; அந்தச் சண்டையை விடவேண்டியதில்லை. ஆனால் அது தீருகிறவரையில் அவன் மகளாவது பக்கத்திலிருந்து, "அப்பா, வாய்தா கேட்கிறார்கள்" என்று சொல்லக்கூடாதா?

இதற்காக இங்கிலீஷைக் கும்பிடவும் வேண்டியதில்லை. உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் 2010-இல் தாழ்த்தப்பட்ட தோழர்கள் சிலர் இங்கிலீஷ் தேவி என்று ஒரு சிலை செய்து கோயில் கட்டப் புறப்பட்டார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நமக்குப் புரிகிறது. ஆனால் அர்ச்சனையால் காது திறந்ததாக எங்கும் கேட்டதில்லை.

நிற்க. செய்ய வேண்டியது என்ன? செலவில்லாத சாதனம் செய்திதான். ஏனென்றால் செய்தியில் பாதி நமக்கு முன்பே தெரியும். காலையில் தமிழ்ப் பத்திரிகை படித்து விட்டு, பிறகு ஆகாசவாணியின் இங்கிலீஷ்ச் செய்தியைக் கேட்டால், எந்த ஊரில் வெள்ளம், எந்த மந்திரி என்ன சொன்னார் என்பது தெரிந்திருப்பதால் வார்த்தைகள் ஒவ்வொன்றாய்த் தாமாகவே பிடிபடும். ஐந்து நிமிஷச் செய்தியைச் செல்போனில் வைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்க வேண்டும். முதல் தரம் சும்மா. இரண்டாந்தரம் காதில் விழுந்ததைக் காகிதத்தில் குறித்துக் கொண்டு. மூன்றாந்தரம் விட்டதைப் பிடிக்க. அதற்கு முன் அச்செழுத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் முந்திக்கொண்டு காதைத் தூங்க வைத்து விடும். வேகம் மிரட்டினால் அதற்கும் வழியிருக்கிறது. அமெரிக்க சர்க்கார் ரேடியோ 1959-இல் சுமார் 1,500 வார்த்தைகளுக்குள் மெதுவாய்ப் படிக்கும் செய்தியைத் தொடங்கியது. பி.பி.சி.யும் ஆறு நிமிஷப் பேச்சுகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கொடுத்து வருகிறது.

செய்தி மாத்திரம் போதாது. அது தாளைப் பார்த்துத் திருத்தமாய்ப் படிப்பது; கடைத்தெருவில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ஆகையால் பேச்சும் கேட்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று தமிழில் சொன்னதையே இங்கிலீஷிலும் சொல்லுகிறார்கள். காசு வாங்காத வாத்தியார் அது. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இங்கிலீஷ் வர்ணனையை வைத்துக் கேட்கலாம். பந்து போனது கண்ணுக்குத் தெரிவதால் வார்த்தையின் அர்த்தமும் தெரிந்து விடும். பாங்கிக்கு டெலிபோன் செய்தால் எந்தப் பாஷை வேண்டும் என்று கேட்கிறதே, அவசரமில்லாத நாளில் இங்கிலீஷை அழுத்திப் பாருங்கள். அது யந்திரம், எத்தனை தரம் கேட்டாலும் சிரிக்காது.

சிரிப்பார்களே என்ற பயம்தான் நம்மவர்களுக்குப் பெரிய தடை. புரியாவிட்டால் "மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. புரியாமல் "எஸ்" என்பதில்தான் இருக்கிறது. சுத்த உச்சரிப்பு என்பதும் ஒரு ஜாதிதான். 1941-இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்ஷயர்க்காரர் பி.பி.சி.யில் தம் ஊர் உச்சரிப்போடு செய்தி படித்தபோது, இவர் படித்தால் செய்தியை நம்பவே தோன்றவில்லை என்று இங்கிலீஷ்காரர்களே புகார் செய்தார்கள். தம் நாட்டானையே வெளியில் நிறுத்தப் பார்த்த உச்சரிப்புக்கு நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? வங்காளி, மலையாளி, ஸ்காட்லாந்துக்காரர் எல்லோர் இங்கிலீஷையும் கேட்டுப் பழகுங்கள். நாளைக்கு உங்களிடம் வேலை வாங்குகிறவன் எந்த ஊர்க்காரனோ, யார் கண்டார்கள்?

பெண்களுக்கு இதில் கூடுதல் அவசியம் இருக்கிறது. சீமைக்கு நர்ஸ் வேலைக்குப் போக விரும்பும் நம் பெண்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் கேட்டு எழுதும் பகுதி ஒன்று உண்டு. நாற்பது கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே தரம்தான் ஓடும். அதற்காக ஆயிரக்கணக்கில் பணம் கட்டி நான்கு வாரம் வகுப்பில் உட்காருவதைவிட, அடுப்படியில் நிற்கும் நேரத்தில் ஓராண்டு செய்தி கேட்டவளுக்குக் காது நன்றாய்த் திறந்திருக்கும். அடுப்படியில் ஏன் அவள் மாத்திரம் நிற்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதை அவள் வீட்டு ஆண்கள் யோசிக்கட்டும்.

நம் இயக்கத்திற்குக் காதால் படிப்பது புதிதல்ல. எழுத்து வாசனையில்லாத எத்தனையோ பேர் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேட்டே அரசியலைத் தெரிந்து கொண்டார்கள். அதே பெஞ்சில் சாயங்காலம் கால்மணி நேரம் இங்கிலீஷ்ச் செய்தியை வைத்துக் கேளுங்கள். முடிந்ததும் ஒருவர் தமிழில் என்ன புரிந்தது என்று சொல்லட்டும்; மற்றவர் திருத்தட்டும்; அப்புறம் அதைப் பற்றியே இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசிக் கொள்ளட்டும். முதல் வாரம் ஊர்ப் பெயரும் எண்ணும் தவிர ஒன்றும் பிடிபடாது. அதற்குள் ஒருவர் "நமக்கெதற்கு இது?" என்று எழுந்து போவார், போகட்டும், அடுத்த வாரம் திரும்பி வருவார். எந்த ஊரில் ஆரம்பித்தாலும் மூன்று மாதம் நடந்த பின்பு, எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள், என்ன பலன் கண்டது என்று ஒளிக்காமல் எழுதியனுப்பினால் இந்தப் பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.