வல்வைக் கரையில் ஒரு பகல்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தும் கடலைப் பாராது நாட்கழிப்போர் நம்மவரிற் பலர். திருநெல்வேலியில் வசிக்கும் நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. சந்தையும் தோட்ட வெளியும் பல்கலைக்கழக வாசலுமே நமக்கு உலகமாகிவிட்டன. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வல்வெட்டித்துறையை நாம் கண்டு பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவ்வூரிற் பிறந்து கனடாவிற் குடியேறிய நண்பர் விடுமுறைக்கு வந்திருந்தார். "வாரும், ஒரு பகல் போய் வருவோம்" என்று அவர் அழைத்திராவிடின் இன்னும் பத்தாண்டுகள் கழிந்திருக்கும்.

காலை வண்டியிற் புறப்பட்டோம். அச்சுவேலி கடந்தது, செம்மண் மறைந்து உவர்வெளி தோன்றியது. தொண்டைமானாற்றில் இறங்கிச் செல்வச்சந்நிதியானை வணங்கினோம். வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்யும் அம்முறையை எத்தனை முறை கண்டாலும் நமக்குச் சலிப்பதில்லை. பகல் முழுவதும் வகுப்பறையிற் பேசிக்கொண்டிருப்பவர்க்கு அந்த மௌனம் பெரிய ஆறுதல்.

வல்வெட்டித்துறை சிறிய ஊர். முத்துமாரி அம்மன் கோவிலையும், திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளை என்னும் கப்பலுடையவர் எடுப்பித்த வைத்தீசுவரன் கோவிலையும் தரிசித்துக் கடற்கரையை அடைந்தோம். தைப்பொங்கல் நாளிற் பட்டங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடும் கரை அது. அன்று வலை உலர்த்துவோர் சிலரைத் தவிர ஒருவருமில்லை. எதிரே வடமேற்கில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிற் கோடிக்கரை. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இற் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். ஊரார் ஆழிக்குமரன் எனப் போற்றும் ஆனந்தன் 1971இல் நீந்திப் போய்த் திரும்பியும் வந்தார்; அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார்.

நண்பர் மணலிற் காலை ஊன்றி நின்று, "இந்த இடத்திலேதான் ஏரா வைப்பார்களாம்" என்றார். ஏரா என்பது கப்பலின் அடிமரம். வேம்பும் இலுப்பையும் அறுத்து, வரைபடம் எதுவுமின்றி, மேஸ்திரியாரின் கண்ணளவையும் கோலளவையும் நம்பி விலா மரங்களை நிறுத்துவராம். பலகைப் பொருத்துக்களிற் கலப்பற்று அடித்து நீர் புகாமற் செய்வராம். தம் பாட்டனார் சொல்ல அவர் சிறுவயதிற் கேட்டவை இவை.

இக்கரையிற் கட்டிய கப்பல்களுள் 'அன்னபூரணி' பெரும்புகழ் பெற்றது. 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. சிறு படகொன்றில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். 1937இற் புறப்பட்ட அக்கப்பலை வல்வை மாலுமிகளே செலுத்திச் சென்றனர். சூயஸ் கால்வாயைக் கடந்து, மத்தியதரைக் கடலின் ஊடே ஜிப்ரால்டரை அடைந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையைச் சேர்ந்தது. கொலம்பசின் மூன்று கப்பல்களுக்கும் பெயர் சொல்லும் நம் மாணவர் அன்னபூரணி என்றால் விழிக்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, கற்பித்தவர் நாம்.

இங்கிருந்து புகையிலையும் பனஞ்சிலாகையும் போயின. அங்கிருந்து ஓடும் அரிசியும் வந்தன. நாகபட்டினமும் இரங்கூனும் இவ்வூரார்க்கு அயற்கிராமங்கள் போல் இருந்தன. பின்னர் பர்மாவும் இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாயின. 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வந்தது. கடவுச்சீட்டும் சுங்கமும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் வந்தன. நேற்றுவரை வணிகமாயிருந்தது இன்று குற்றமாயிற்று. போர்க் காலத்தில், 1985இலும் 1989இலும், இவ்வூர் கண்ட உயிரிழப்புக்களை இங்கே விரிக்க நமக்கு மனமில்லை. வீதியோரத்து வெற்றுச் சுவர்கள் சிலவே அதனைச் சொல்லி நிற்கின்றன.

நண்பகலில் நண்பரின் மாமி வீட்டுக்குச் சென்றோம். தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி அவர். அவருடைய தந்தையார், அஃதாவது நண்பரின் பாட்டனார், பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். உணவு முடிந்ததும் நண்பர் தயங்கித் தயங்கித் தாம் வந்த காரியத்தைச் சொன்னார். பாட்டனார் எழுதி வைத்த பயணக் கொப்பி ஒன்று மாமியின் பெட்டகத்தில் இருக்கின்றதாம். அதனைத் தம்முடன் கனடாவுக்குக் கொண்டு செல்ல வேண்டுமாம்.

மாமி மறுத்துவிட்டார். நாம் குறுக்கிட்டு, பல்கலைக்கழக நூலகத்திற் கொடுத்தாற் பழுதின்றிக் காப்பார்கள் என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஐயா ரண்டு கொப்பி எழுதினவர். மற்றதை யாழ்ப்பாணத்து லைபிரரியிலை குடுத்தாப் பத்திரம் எண்டு நான்தான் குடுத்தனான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. 1981 ஜூன் முதலாம் நாள் விடியுமுன் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அதுவும் போயிற்று. நூலகம் என்ற சொல்லை இத்தனை எளிதாக எடுத்துவிட்டோமே என்று நாம் வெட்கினோம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் நண்பர் தம் கைத்தொலைபேசியைக் காட்டி, "மாமி, கொப்பி இங்கேயே இருக்கட்டும். படம் மட்டும் எடுக்கிறம்" என்றார். அதற்கு இசைந்தார். பெட்டகத்திலிருந்து வெளிவந்த கொப்பியில் முற்பாதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சிய 38 பக்கங்களையும் யன்னல் ஓரத்து வெளிச்சத்தில் விரித்துப் படமெடுத்தோம்.

எழுத்தோ நமக்குப் புரியவில்லை. 'சோ. 14. இர. அ. மூ. 1,200' என்று ஒரு வரி. தமிழில் இரு பட்டங்கள் பெற்றும் நாம் திகைத்து நின்றோம். மாமி சிரித்தார். "சோளகக் காத்திலை பதினாலு நாள். இரங்கூன். அரிசி மூட்டை ஆயிரத்து இருநூறு." அடுத்த வரியில் 'வா.' என்றிருந்தது: வாடைக் காற்று, திரும்பி வந்த பயணம். ஓரத்தில் ஒரு சிறு வட்டம். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயாம். மூன்று வட்டங்கள் இட்டிருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. "இது புயல்" என்றார்.

அந்தச் சுருக்கெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இன்று இவர் ஒருவரே. அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். 26 பக்கங்கள் முடிந்தபோது அவருடைய கண்ணில் நீர் வடியலாயிற்று, வெண்புரை முற்றியிருக்கின்றது. மிகுதிப் பன்னிரண்டையும் கண் சத்திரசிகிச்சை முடிந்தபின் வாசித்துத் தருவதாகச் சொல்லிக் கொப்பியைப் பழைய சேலைத் துண்டிற் சுற்றிப் பெட்டகத்தில் வைத்தார். நண்பர் வரும் புதன்கிழமை கனடா திரும்புகின்றார். பட்டத் திருவிழாவுக்கு நாமே வருவதாக வாக்களித்து மாலை வண்டியைப் பிடித்தோம்.