பதிவெண் கையில், பணியிடம் எங்கே?

பயிற்சி ஆசிரியை ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு 'ஆ' என்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை, காதுக்கருவி வழியாக அந்த ஒலி விழுந்ததும் கையில் வைத்திருக்கும் மணியை டப்பாவுக்குள் போட வேண்டும். அடுத்து 'ஈ', பிறகு 'ஊ', 'ம்', 'ஷ்', 'ஸ்'. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். 'ஸ்' வரும்போது மணி விழவில்லையா? கருவியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். காது அச்சு சின்னதாகிப் போயிருக்கலாம். குழந்தைக்கு ஜன்னலுக்கு வெளியே காக்கா தெரிந்திருக்கலாம். எது என்று கண்டுபிடித்த பிறகுதான் பாடம் தொடங்கும்.

செவித்திறன் குறைபாட்டைச் சிறப்புத் துறையாக எடுத்துப் படிக்கும் பி.எட். மாணவர்கள் இப்படித்தான் பழகுகிறார்கள். பார்வைத்திறன் குறைபாட்டை எடுத்தவர்களுக்கு வேறு பாடு. பிரெயில் பலகையில் எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கைத்தடியுடன் நடந்து பார்க்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்றால், பல் துலக்குவது போன்ற ஒரு சின்ன வேலையைப் பத்துப் பன்னிரண்டு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்கத் தெரிய வேண்டும். இதற்கு நாடு முழுவதும் பயன்பட்ட 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற அளவுகோல் சென்னையிலேயே, ஜெயச்சந்திரன், விமலா ஆகிய இருவரால் உருவானது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என்று 360 திறன்கள். குழந்தை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று பார்த்து அதன் மேல் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படும்.

இளங்கலைப் பட்டம் முடித்தபின் இரண்டு ஆண்டுகள் நீளும் படிப்பு இது. ஓராண்டாக இருந்ததை 2015இல் இரண்டாக்கினார்கள். அது சரியான முடிவு. களப்பணியும் கறாரானது. சொந்தத் துறைக்கான சிறப்புப் பள்ளி ஒன்று, வேறொரு குறைபாட்டுக்கான சிறப்புப் பள்ளி ஒன்று, எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் சாதாரணப் பள்ளி ஒன்று என்று மூன்று வகை இடங்களுக்கும் மாணவர் போய் வர வேண்டும். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவும் பலர் இதைப் படித்து வெளியே வருகிறார்கள். மேலும் ஆழம் வேண்டும் என்பவர்கள் எம்.எட்டும் முடிக்கிறார்கள்.

படிப்பில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பயிற்சியில் பாதி நேரம் ரெக்கார்டு நோட்டு எழுதுவதிலும், பாடத்திட்டத்தை நகலெடுப்பதிலும், சார்ட் பேப்பர் ஒட்டுவதிலும் கரைவதைப் படித்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். இந்தத் தலையங்கத்தின் கவலை வேறு: இத்தனை படித்து முடித்தவர் எங்கே போய் நிற்கிறார் என்பது.

முதலில் அவர் டெல்லியிலுள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் சிறப்புக் கல்வியாளராகப் பணியாற்றினால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவர், வழக்கறிஞர் தவிர வேறு எத்தனை தொழில்களுக்கு இப்படிப்பட்ட பூட்டு இருக்கிறது? சாதாரணப் பள்ளி ஆசிரியருக்குக்கூடத் தகுதி விதி உண்டே தவிர, இதுபோல் சிறைத்தண்டனை மிரட்டல் கிடையாது. பதிவு செய்தோம், முடிந்தது என்றும் இல்லை. உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்து புள்ளி சேர்க்க வேண்டும். அந்தப் பயிற்சிக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஆசிரியரே தன் கையிலிருந்து கட்டுகிறார்.

இவ்வளவு கறாராக உரிமம் கேட்கும் அரசு, அந்த உரிமத்துக்கு ஏற்ற வேலையையும் அதே கறாரோடு உருவாக்கியிருக்க வேண்டும். அங்கேதான் கை தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வட்டார வள மையத்தில் கையெழுத்து, அங்கிருந்து திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொரு பள்ளி, நடுவில் படுக்கையிலேயே கிடக்கும் குழந்தையின் வீட்டுக்கு ஒரு நடை. சம்பளம் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' திட்ட நிதியிலிருந்து வருகிறது. ஒன்றிய அரசும் மாநில அரசும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம் பற்றி மல்லுக்கட்டி, 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனபோது, இவர்களைப் போலத் திட்ட நிதியை நம்பியிருப்பவர்கள் வயிற்றில்தான் முதலில் புளி கரைந்தது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஒரு குழந்தையின் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் அந்தச் சண்டையின் முடிவைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பதில் இரண்டு பக்கம் இல்லை.

பெயரிலேயே இந்த அலட்சியம் தெரிகிறது. பள்ளிக் கல்வித் துறையில் 'சிறப்பாசிரியர்' என்றால் தையல், ஓவியம், இசை, உடற்கல்வி ஆசிரியர் என்று பொருள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் படித்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பெயரும் கிடைக்கவில்லை; அவர் 'பயிற்றுநர்'.

சட்டம் இப்படி விட்டுவிடச் சொல்லவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியும் அதில் உறுதி. உத்தரப் பிரதேசத்துச் சிறப்புக் கல்வியாளர்கள் தொடர்ந்த ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளவுகோலையும் குறித்துக் கொடுத்தது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வியாளர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் நீதிமன்றம் மறுபடியும் கடிந்து, எத்தனை பணியிடம் தேவை என்பதை மார்ச் 28க்குள் அறிவிக்கச் சொன்னது. ஏற்கெனவே தற்காலிகமாகப் பணியாற்றுபவர்களின் தகுதியைப் பார்க்க, மாற்றுத்திறனாளிகள் ஆணையர், கல்விச் செயலர், மறுவாழ்வுக் கவுன்சில் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழுவை அமைக்கவும் உத்தரவிட்டது. ஆனால் எண்ணைத் தாளில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. அறிவித்த எண் நிரந்தரப் பணியிடமாக வேண்டும், அதுவும் துறைவாரியாக.

துறைவாரியாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சான்றிதழ் ஒரு குறைபாட்டுக்கு. வேலையோ அந்த வட்டாரத்தில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும். அறிவுசார் குறைபாட்டில் தேர்ந்தவர், பிரெயில் கற்க வேண்டிய நான்காம் வகுப்புச் சிறுமியிடம் போய் உட்கார்கிறார். அவருக்குப் பிரெயில் ஓரளவு தெரியும், பொதுத்தாளில் படித்திருக்கிறார். ஆனால் பார்வையற்றோர் கணக்குப் போடும் டெய்லர் பலகையில் பின்னக் கணக்கு போட்டுக் காட்டும் அளவுக்குக் கை ஓடாது. அவர்மேல் தவறில்லை. கண் மருத்துவரைக் கூப்பிட்டு எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடச் சொல்வதுபோல் இது. வாரம் ஒரு நாள் வந்து போகிற ஆசிரியரிடம் அந்தச் சிறுமி ஓராண்டில் எவ்வளவு பிரெயில் கற்க முடியும் என்பதை எந்தப் பெற்றோரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சிறுமியாவது பள்ளிக்கு வருகிறாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட இந்திய அறிக்கை, மாற்றுத்திறன் கொண்ட ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்றது.

எதிர்வாதம் வலுவாகவே இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் சிறப்புக் கல்வியாளரை உட்கார வைத்தால், வகுப்பாசிரியர் கை கழுவிவிடுவார் என்கிறார்கள். உண்மைதான். 'உங்க பிள்ளை இன்னிக்கு வந்திருக்கான், பாத்துக்குங்க' என்று வாசலிலேயே குழந்தையை ஒப்படைக்கிற பள்ளிகள் உண்டு. முப்பது பேரில் ஒருவனாக இருக்க வேண்டியவன் ஒரே ஆளின் பிள்ளையாகிவிடுகிறான். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இதற்கு மருந்தாக, சாதாரண ஆசிரியர்களே சான்றிதழ்ப் படிப்பு மூலம் சிறப்புக் கல்வியை இரண்டாம் துறையாகக் கற்கலாம் என்கிறது. கற்கட்டும். வகுப்பாசிரியருக்கு எழுத்துப் பிழைக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் வித்தியாசம் தெரிவது எல்லோருக்கும் நல்லது. ஆனால் சில மாதச் சான்றிதழை வைத்து இரண்டாண்டுப் படிப்பை ஈடுகட்டிவிட்டோம் என்று அரசு கணக்குக் காட்டினால், அது சிக்கனம் ஆகாது, ஏமாற்று. வகுப்பாசிரியர் கண்டுபிடிக்க வேண்டும், சிறப்புக் கல்வியாளர் கற்பிக்கும் வழியைச் சொல்ல வேண்டும், இருவரும் ஒரே வகுப்பறையில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டாமவர் அந்தப் பள்ளியிலேயே இருந்தாக வேண்டும்.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. சிறப்புக் கல்வியாளர்கள் இன்றும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், குறைவாகவும் தாமதமாகவும். அந்தச் சம்பளத்தில் நிற்க முடியாமல், படித்தவர்கள் தனியார் தெரபி மையங்களுக்குப் போகிறார்கள். மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களுக்கு மட்டும் அவர்கள் கிடைக்கிறார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களில் உருவான திறமை, அரசுப் பள்ளி வாசலைத் தாண்டிப் போவதற்கு ஆகும் செலவை யாரும் எந்த பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

படிக்கிற காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் வார்டில் நின்றால் அரசு உதவித்தொகை தருகிறது. அவர் படிப்பவர்தான் என்றாலும், நோயாளிக்கு அவர் செய்யும் வேலை உண்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறது. பி.எட். ஸ்பெஷல் மாணவர் சிறப்புப் பள்ளியில் நின்று குழந்தைக்குச் சோறூட்டக் கற்றுத்தருவதும், கழிப்பறைக்கு அழைத்துப்போவதும், ஆறு ஒலிச் சோதனை செய்வதும் அதே அளவுக்கு உண்மையான வேலை. அவர் அதற்குக் கட்டணம் கட்டுகிறார், பஸ் செலவும் துணைக்கருவிச் செலவும் சேர்த்து. இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தன் குழந்தைக்காகவே இதைப் படிக்க வரும் தாய்மார்களும் உண்டு. களப்பணி மாதங்களுக்காவது உதவித்தொகை கொடுப்பது மாநில அரசுக்குப் பெரிய சுமை அல்ல.

ஆகவே கேட்பது இரண்டு. களப்பணிக்கு உதவித்தொகை, படித்து முடித்துப் பதிவெண் பெற்றவருக்கு, அவர் படித்த துறையிலேயே, கால முறை ஊதியத்தில் பணியிடம். இத்தனை ஆண்டு தொகுப்பூதியத்தில் உழைத்தவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு அதில் முதல் இடம், தேவைப்பட்டால் வயது வரம்பைத் தளர்த்தி.

எத்தனை பணியிடம் என்று ஆய்வுக் குழு போட்டுத் தள்ளிப்போட இடமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளின் விவரத்தைக் குறைபாட்டு வகையோடு தலைமையாசிரியர்கள் ஆண்டுதோறும் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்க வகுப்பானால் 10ஆல் வகுக்க வேண்டும், மேல் வகுப்பானால் 15ஆல். சென்னை நுங்கம்பாக்கத்தில், துறையின் தலைமையகமான பேராசிரியர் அன்பழகன் வளாகத்தில் உள்ள கணினியில் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அது அரசாணையாக வெளிவர வேண்டும்.