அடுப்படியில் நிற்பவரைக் கேளுங்கள்!

வீட்டைத் திருத்திக் கட்ட உள் அலங்கார நிபுணரை அழைக்கிறோம். அவர் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரரோடு பேசுகிறார். காபி கொண்டுவந்து வைக்கும் அம்மாளிடம் ஒன்றும் கேட்பதில்லை. சமையலறையில் நிற்கப் போகிறவர் யார்? அந்த அம்மாள்தானே!

இது இன்று வந்த குறை அல்ல. ஜெர்மனியில், பிராங்பர்ட் நகரத்தின் புதுக் குடியிருப்புகளுக்கு 1926-ல் லிஹோட்ஸ்கி என்ற பெண் நிபுணர் சமையலறை வரைந்தார். கெட்டிக்காரர். ரயில் சமையலறையைப் பார்த்தார். கடிகாரம் வைத்து வேலை நேரத்தைக் கணக்கிட்டார். சுமார் 6 அடி அகலம், 11 அடி நீளம். எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைத்தார்கள்.

நடை குறைந்தது, உண்மை. ஆனால் இரண்டு பேர் நின்று வேலை செய்ய இடமில்லை! அதை வரையும் முன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

நம் வீட்டில் மாமியார் காய் நறுக்க, மருமகள் தாளிக்க வேண்டாமா? (அப்பாவும் உள்ளே வந்தால் இன்னும் நல்லது.)

தாய்மார்களே, நிபுணரை அடுப்புக்கு முன்னால் அழைத்துப் போங்கள். மேடை உங்கள் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கட்டும். கிரைண்டர் எங்கே, குடம் எங்கே என்று கைகாட்டிச் சொல்லுங்கள். பிறகு அவர் பென்சிலை எடுக்கட்டும்.